மறைத்த நோய் மனையைக் கெடுக்கும்

உடலுக்கு வரும் நோய்களுள் சிலவற்றை நாம் ஊரறியச் சொல்லுகிறோம். சர்க்கரை நோய் என்றால் அண்டை வீட்டாரிடமும் யோசனை கேட்கிறோம். இரத்தக் கொதிப்பு என்றால் உற்றார் கூடிப் பத்தியம் சொல்லுகின்றனர். ஆனால் வேறு சில நோய்கள் உண்டு. அவை வந்தால் கணவன் மனைவிக்குச் சொல்வதில்லை. மகள் தாய்க்குச் சொல்வதில்லை. இளைஞன் மருத்துவரிடமே வாய் திறப்பதில்லை. பால்வினை நோய்கள் எனப்படும் இவற்றைப் பற்றி ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். எழுதியே தீர வேண்டும் என்பது நமது துணிபு. ஏனெனில் இந்நோய்கள் கெடுப்பது ஒரு மனிதரை மட்டும் அன்று, ஒரு குடும்பத்தை. பிறவாத குழந்தையையும் அவை விட்டு வைப்பதில்லை.

எவை இந்நோய்கள்?

நம் முன்னோர் மேகநோய் என்னும் பொதுப் பெயரால் பலவற்றையும் குறித்தனர். வெட்டை, கிரந்தி என்னும் பெயர்கள் சிற்றூர்களில் இன்றும் வழங்குகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட கிருமிகள் உடலுறவின் வழியாகப் பரவக் கூடியவை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவற்றுள் நான்கு நோய்கள் முற்றிலும் குணமாகக் கூடியவை: சிபிலிஸ் எனப்படும் கிரந்தி, கொனோரியா எனப்படும் வெட்டை, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ். வைரஸ்களால் வரும் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெர்ப்பிஸ் முதலியவற்றை வேரோடு களைதல் அரிது. எனினும் மருந்தால் அடக்கி வைக்கலாம்.

2020ஆம் ஆண்டில் மேற்சொன்ன நான்கு நோய்கள் மட்டும் உலகில் 37 கோடியே 40 லட்சம் முறை புதிதாகத் தொற்றின என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே, இது எங்கோ பெருநகரத்துச் சந்துகளில் உள்ள சங்கதி என்று எவரும் எண்ணி இருந்துவிடலாகாது.

பரவும் வழிகள்

நோயுள்ளவருடன் கொள்ளும் உடலுறவே முதன்மையான வழி. நோயுற்ற தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்தின்போதோ குழந்தைக்குத் தொற்றுவது இரண்டாவது வழி. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி போன்றவை சோதிக்கப்படாத இரத்தத்தின் வழியாகவும், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதன் வழியாகவும் பரவும்.

ஒரே தம்ளரில் நீர் அருந்துவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை. இதனை அறியாமல் நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் உண்டு. அந்த ஒதுக்கலால் எவரும் காக்கப்படுவதில்லை. நோயாளியின் மனம் புண்படுவதே மிச்சம்.

குணமானது போல் நடிக்கும் நோய்

இந்நோய்களின் சூழ்ச்சியை அறியக் கிரந்தி ஒன்றே போதும். தொற்றிய மூன்று வாரங்கள் அளவில் மறைவிடத்தில் ஒரு புண் தோன்றும். அது பெரும்பாலும் வலிப்பதில்லை. மருந்தே இன்றிச் சில வாரங்களில் ஆறியும் விடும். “விட்டது தொல்லை” என்று நோயாளி மகிழ்கிறார். உண்மையிலோ கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உடலெங்கும் தடிப்புகள் தோன்றலாம். அவையும் தாமே மறையும். அதன் பிறகு பல ஆண்டுகள் எந்த அடையாளமும் இராது. மருந்து உண்ணாதோருள் சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து இதயமோ மூளையோ நரம்புகளோ பழுதாகும்.

இக்கிருமியை 1905ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஷௌடின், ஹாப்மன் என்னும் இருவர் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே வாசர்மன் என்பார் இரத்தப் பரிசோதனை ஒன்றை வகுத்தார். 1943இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி பெனிசிலின் ஊசியால் இந்நோய் தீரும் என்று காட்டினார். இன்றும் அதே பெனிசிலின்தான் கைகொடுக்கிறது. தொடக்க நிலையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் அலகு கொண்ட ஒரே தவணை ஊசி போதுமானது. நாட்பட்ட நிலையில் வாரம் ஒரு தவணையாக மூன்று தவணைகள் போடுவர். இத்துணை எளிதில் தீரும் நோயால் இன்றும் குழந்தைகள் மடிகின்றன என்பதே நெஞ்சை வருத்தும் செய்தி.

தாயும் சேயும்

கர்ப்பிணிக்குக் கிரந்தி இருந்து மருந்து தரப்படாவிடில், பாதிக்கு மேற்பட்ட கருக்கள் ஏதேனும் ஒரு வகையில் பாதிக்கப்படுகின்றன. கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிறந்த சில நாட்களில் மடியலாம், எலும்பிலும் கண்ணிலும் செவியிலும் குறையோடு வளரலாம். “இரண்டு பிள்ளை தங்கவில்லை, ஏதோ தோஷம்” என்று பரிகாரம் தேடி அலையும் குடும்பங்களுள், இரத்தப் பரிசோதனை ஒன்று விடை சொல்லியிருக்கக் கூடியவையும் இருக்கலாம்.

ஆதலால் கர்ப்பம் உறுதியானதும் முதல் மாதங்களிலேயே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று இரத்தம் கொடுத்தல் கடமை. கிரந்தி, எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி ஆகிய மூன்றையும் அப்பொழுதே சோதிக்க வேண்டும். கிரந்தி இருப்பின், பேறுகாலத்துக்குக் குறைந்தது முப்பது நாட்களுக்கு முன்னதாகப் பெனிசிலின் ஊசி போட்டால் தாயோடு சேயும் பிழைக்கும். எச்.ஐ.வி. இருப்பினும், தாய் தவறாமல் மாத்திரை உண்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், நூற்றில் ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கே தொற்றுகிறது.

இது கனவன்று. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று கியூபாவை 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2019இல் நம் அண்டை நாடாகிய இலங்கையும் அச்சிறப்பைப் பெற்றது. செல்வம் கொழிக்கும் நாடுகள் அல்ல இவை. ஒவ்வொரு கர்ப்பிணியையும் தேடிச் சென்று பரிசோதித்ததே இவற்றின் வெற்றி.

பரிசோதனைச் சீட்டு வந்ததும்

இங்கே ஓர் எச்சரிக்கை. வி.டி.ஆர்.எல். என்பது கிரந்திக்கு முதலில் செய்யும் சோதனை. வேறு சில நோய்களாலும், சில வேளைகளில் கர்ப்பத்தினாலுமே, அது நோய் இருப்பதுபோல் பொய்யாகக் காட்டக் கூடும். ஆகவே டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்வது மருத்துவர் வழக்கம். நோய் உறுதியானாலும், அது என்று தொற்றியது என்று அந்தச் சீட்டு சொல்லாது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த கிருமியாகவும் அது இருக்கலாம். ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் கணவனும், மருமகளைத் தூற்றும் மாமியாரும் இதனை ஊன்றி எண்ண வேண்டும். பெண்ணுக்கு முதலில் பரிசோதனை நடப்பதால் நோய் பெண்ணிடம் முதலில் தெரிகிறது. பெண்ணிடம் தொடங்கியது என்பது அதன் பொருள் அன்று.

வெட்டை நோய் ஆண்களுக்குச் சில நாட்களிலேயே நீர்க்கடுப்பையும் சீழையும் உண்டாக்கித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பெண்களிலோ பெரும்பாலோருக்கு அறிகுறியே இராது. கிளமிடியாவும் அத்தகையதே. அறியாமல் நாட்பட்டால் கருக்குழாய் அடைபட்டு மகப்பேறு அற்றுப்போகலாம். மலடி என்று பழிக்கப்படும் பெண் கணவனிடமிருந்து பெற்ற நோயால் அந்நிலை அடைந்தவளாகவும் இருக்கலாம் அன்றோ?

எச்.ஐ.வி. சோதனையில் இன்னொன்றும் அறிய வேண்டும். தொற்றிய மறுநாளே அது இரத்தத்தில் தெரியாது. முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும், ஐயத்துக்கு இடமிருப்பின் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

சுவரொட்டி வைத்தியர்கள்

பேருந்து நிலையத்துச் சுவர்களில் “இரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு” என்று விளம்பரம் செய்து, விடுதி அறைகளில் முகாமிடுவோரை எல்லாரும் அறிவோம். நோயாளியின் வெட்கமே அவர்களுக்கு முதல். லேகியத்துக்கென ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தபின், புண் தானாக ஆறும்போது வைத்தியர் பெயர் வாங்குகிறார். கிருமியோ உள்ளே வேலை செய்கிறது. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி இரண்டு வேளை விழுங்கி நிறுத்துவதும் இதற்கு இளைத்ததன்று. வெட்டை நோய்க் கிருமி முன்னாளில் கேட்ட மருந்துகள் பலவற்றுக்கு இப்போது அடங்குவதில்லை. அரைகுறை மருந்து அக்கிருமியை மேலும் வலுவாக்கும்.

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம்; முடிவு இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலும் விளக்கம் பெறலாம்.

இருவரும் சேர்ந்தே

வெளியூரில் பணியாற்றும் ஒருவர் நோயோடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரகசியமாக ஊசி போட்டுக் குணமாகிறார். மனைவிக்குச் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குத் தொற்றிவிட்டது. அவளிடமிருந்து நோய் மீண்டும் அவருக்கே வருகிறது. பாதிக் கதவை மட்டும் தாழிட்ட வீடு இது. மணத்துணைவர் இருவரும் ஒரே காலத்தில் சோதனையும் சிகிச்சையும் பெற வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். சொன்ன நாளில் மறு சோதனைக்குப் போக வேண்டும். ஆணுறை தொற்றைப் பெரிதும் குறைக்கும் என்றும், அது மூடாத இடத்துப் புண்ணிலிருந்து தொற்று வரக்கூடும் என்றும் மருத்துவர் கூறுவர்.

சொல்லுவது கடினம் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆனால் சொல்லாமையின் விலை அதனினும் பெரிது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்னும் ஊரில் 1932ஆம் ஆண்டு முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே ஓர் ஆராய்ச்சி நடத்தியது. கிரந்தி கண்ட 399 கறுப்பின ஏழைகளிடம் “உங்களுக்குக் கெட்ட இரத்தம்” என்று மட்டும் சொன்னார்கள். பெனிசிலின் வந்த பின்னரும் அதைக் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியர் பலருக்குத் தொற்றியது. குழந்தைகள் நோயோடு பிறந்தனர். 1997இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கோரினார். அங்கே அதிகாரம் உண்மையை மறைத்தது. இங்கே வெட்கம் மறைக்கிறது. மனைவிக்கும் சேய்க்கும் நேரும் கேடு ஒன்றே.

அஞ்சத் தேவையில்லை

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது அதற்கு மருந்தில்லை. 2004 முதல் கூட்டு மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. நாள் தவறாமல் உண்பவர் நெடுங்காலம் வாழ்கிறார், உழைக்கிறார். சோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கி, அந்நிலை நீடிப்பின், உடலுறவின் வழி துணைவருக்குத் தொற்றுவதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் இசைவின்றி இச்சோதனை செய்வதையும், நோயாளியை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ நீக்குவதையும் தடை செய்கிறது.

வருமுன் காக்கும் வழிகளும் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடப்பட வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரஸுக்கும் தடுப்பூசி உள்ளது. 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியருக்குப் போடுதல் சிறந்தது. அதனைப் போட்டால் மகள் நெறி தவறுவாள் என்று அஞ்சும் பெற்றோர் உளர்; புற்றுநோயைத் தடுக்கும் ஊசி எந்தப் பெண்ணையும் கெடுப்பதில்லை.

இல்லறத்தில் ஒருவருக்கொருவர் உண்மையாய் இருத்தலே முதற் காவல் என்பதைத் திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் ஓயாது சொல்லி வருகிறோம். உண்மையாய் இருத்தல் என்பது தவறாதிருத்தல் மட்டுமன்று; தவறியபின் மறையாதிருத்தலும் ஆகும். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர் அவர்களிடம் முதலில் கணக்குக் கேட்கவில்லை. நோயுற்று வருபவரிடம் குடும்பத்தாரும் அவ்வாறே நடந்துகொள்வார்களானால், அவர் சுவரொட்டியைத் தேடிப் போகமாட்டார். மருத்துவரைத் தேடிப் போவார். இத்திங்களில் கருவுற்ற மகளோ மருமகளோ உங்கள் இல்லத்தில் இருப்பின், முதல் வேலையாக அவளையும் அவள் கணவனையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு குழந்தை நலமாய்ப் பிறக்க அது வழிவகுக்கும்.