பைக் சர்வீஸ் கடை போடப் போறீங்களா? ஓடுற வண்டியை எண்ணாதீங்க, நிக்கிற வண்டியை எண்ணுங்க!



"மாசச் சம்பளம் வாங்கினது போதும், சொந்தமா ஒரு பைக் சர்வீஸ் கடை போடலாம்" என்ற எண்ணம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கு. நல்ல மெக்கானிக் ஒருத்தர், ஒரு ஏர் கம்ப்ரஸர், டூல்ஸ், கொஞ்சம் ஸ்பேர்ஸ் இருந்தா ஆரம்பிச்சுடலாம். இதுல எது சரியில்லைன்னாலும் பின்னாடி மாத்திக்கலாம். மெக்கானிக் சரியில்லையா, வேற ஆளைப் பார்க்கலாம். டூல்ஸ் பழசாச்சா, புதுசு வாங்கலாம். ஆனா கடை இருக்கிற இடத்தை மட்டும் நினைச்ச நேரத்துல மாத்த முடியாது. இடம் மாறினா தரை, ஷட்டர், போர்டு, வயரிங்னு போட்ட காசு அங்கேயே நின்னுடும். சேர்த்து வெச்ச கஸ்டமர்ல பாதிப் பேரும் கூட வர மாட்டாங்க.

அதனால இடம் எப்படிப் பார்க்கணும்னு சென்னையை வெச்சே பார்ப்போம். மதுரை, கோவை, திருச்சி எதுவா இருந்தாலும் இதே கணக்குதான்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

ஒரே ஏரியாவுல இரண்டு கடை வாடகைக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. மெயின் ரோட்டுக் கடைக்கு மாசம் ரூ.30,000. இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிற கடைக்கு ரூ.16,000. மெக்கானிக், ஹெல்பர் சம்பளம் ரூ.35,000. கரன்ட், தண்ணி, மத்த செலவு ரூ.5,000. உங்களுக்கு மாசம் ரூ.40,000 வேணும். (இதெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஏரியா நிலவரத்தைப் போட்டுப் பாருங்க.)

மெயின் ரோடுன்னா மொத்தம் ரூ.1,10,000. உள்தெருன்னா ரூ.96,000. ஒரு வண்டிக்கு லேபரும் ஸ்பேர்ஸ் லாபமும் சேர்த்து ரூ.400 நிக்குதுன்னா, மெயின் ரோட்டுக்கு மாசம் 275 வண்டி வேணும், உள்தெருவுக்கு 240 போதும்.

இப்போ கேள்வி சுலபமாயிடுச்சு. அந்த மெயின் ரோடு எனக்கு மாசம் 35 வண்டி கூடுதலா கொண்டு வருமா? வரும்னா எடுங்க. "ரோட்டு மேல இருந்தா ஒரு கெத்துதானே"ன்னா, அந்தக் கெத்துக்கு மாசம் ரூ.14,000 கொடுக்குறீங்கன்னு அர்த்தம்.

இன்னும் ஒரு படி போவோம். மாசம் 240 வண்டின்னா வருஷத்துக்கு 2,880. ஒரு கஸ்டமர் வருஷத்துக்கு 3 தடவை வந்தா, உங்களுக்குத் தேவை 960 வண்டிகள். சுமார் ஆயிரம் பேர் "நம்ம கடை"ன்னு உங்களைத் தேடி வரணும். அந்த ஆயிரம் வண்டி எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் இடம் பார்க்கிற வேலை.

நிக்கிற வண்டிதான் உங்க கஸ்டமர்

ஓஎம்ஆர்ல காலையில நின்னு பார்த்தா ஆயிரக்கணக்கான பைக் பறக்கும். அதுல எத்தனை பேர் உங்க கடையில நிறுத்துவாங்க? பஞ்சர், செயின் கழண்டது மாதிரி அவசரம்னாதான். சர்வீஸுக்கு விடறவங்க வீட்டுக்குப் பக்கத்துலயோ ஆபீஸுக்குப் பக்கத்துலயோதான் விடுவாங்க, ஏன்னா விட்டுட்டுப் போகணும், திரும்ப வந்து எடுக்கணும்.

அதனால நைட் பத்து மணிக்கு மேல ஏரியாவைச் சுத்தி வாங்க. மேடவாக்கம், பெரும்பாக்கம், காரப்பாக்கம் மாதிரி வாடகை வீடுகளும் பிஜி ஹாஸ்டல்களும் நிறைஞ்ச இடத்துல தெரு ஓரம் எத்தனை பைக் நிக்குதுன்னு எண்ணுங்க. கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவு போதும். அங்கே மூவாயிரம் வண்டி நின்னா, மூணுல ஒண்ணு உங்ககிட்ட வரணும். அது கஷ்டம். பத்தாயிரம் நின்னா பத்துல ஒண்ணு வந்தா போதும்.

டெலிவரி பசங்க எங்கே காத்திருக்காங்கன்னும் பாருங்க. ஒரு நாளைக்கு அவங்க ஓட்டுற தூரத்துக்கு ஆயில், பிரேக் ஷூ, செயின் எல்லாம் சீக்கிரம் தேயும். வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் போச்சு. அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்தா உங்களை விட மாட்டாங்க.

நம்பர் பிளேட்டைப் படிங்க

எல்லா வண்டியும் உங்க வண்டி இல்லை. புது வண்டி வெச்சிருக்கிறவங்க வாரண்டி முடியற வரைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் தேடுவாங்க. பல கம்பெனிகள் இப்போ 5 வருஷம் வரைக்கும் வாரண்டி கொடுக்குது. பச்சை நம்பர் பிளேட் எலெக்ட்ரிக் வண்டிக்கு ஆயில் மாத்துற வேலையே கிடையாது. டயர், பிரேக் வேலை வேணா வரும். இவங்களைக் கழிச்சுட்டுத்தான் எண்ணணும்.

அதே சமயம் டிஎன் 59 மதுரை, டிஎன் 72 திருநெல்வேலி மாதிரி வெளியூர் நம்பர் நிறைய நின்னா சந்தோஷப்படுங்க. ஊர்ல இருந்து வண்டியோட வந்தவங்க. ஊர்ல இருக்கிற மெக்கானிக் அண்ணனை விட்டுட்டு வந்திருக்காங்க. இங்கே நம்பிக்கையா ஒருத்தரைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

காலையில எந்தப் பக்கம்?

வேலைக்குப் போறவங்க வண்டியை விடுறது காலையில. அந்த நேரத்துல சர்வீஸுக்காக யாரும் யூ-டர்ன் அடிக்க மாட்டாங்க. அதனால சென்டர் மீடியன் இருக்கிற ரோடுன்னா, ஆபீஸ் போற பக்கத்துக் கடை நல்லது. வண்டியை விட்டதும் அவங்க எப்படிப் போவாங்கன்னும் யோசிங்க. பஸ் ஸ்டாப், ஷேர் ஆட்டோ, ரயில்வே ஸ்டேஷன் நடக்குற தூரத்துல இருந்தா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மெட்ரோ வேலையையும் கவனிங்க. சென்னையில இரண்டாம் கட்டத் திட்டம் 3 வழித்தடங்கள்ல 118.9 கிலோமீட்டர். ஓஎம்ஆரும் அதுல வருது. தடுப்பு வெச்ச இடத்துல கடை இருந்தா வண்டி நிறுத்தவே வழி இருக்காது. வாடகை குறைவா சொல்றாங்கன்னா, காரணம் அதுவான்னு கேளுங்க.

பக்கத்துல இன்னொரு மெக்கானிக் கடையா?

பயப்பட வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையா இருக்கு. வரிசையா இருக்கிறதாலதான் ஜனங்க அங்கே போறாங்க. டயர் கடை, லேத், சீட் கவர் கடை, ஸ்பேர்ஸ் கடை பக்கத்துல இருந்தா உங்க வேலை சீக்கிரம் முடியும். ஒரு கேபிளுக்காக ஹெல்பர் ஒரு மணி நேரம் அலைஞ்சா, அந்த நேரத்துல ஒரு வண்டி வேலை போச்சு. சுத்தி ஒரு மெக்கானிக் கடைகூட இல்லைன்னாதான் "ஏன் இல்லை?"ன்னு விசாரிக்கணும்.

தண்ணி, ஆயில், ஓனர்

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டுலயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணி நின்னுச்சு. வெள்ளம் வந்தா மெக்கானிக்குக்கு வேலை கூடும்தான், ஆனா கடையே முழுகினா? பக்கத்து டீக்கடை அண்ணன்கிட்ட "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?"ன்னு கேளுங்க. புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

கடை முன்னாடி ஆறு பைக் நிறுத்த ஓனருக்குச் சொந்தமான இடம் இருக்கான்னு பாருங்க. நடைபாதையை நம்பினா மாநகராட்சி என்னைக்கு வேணா எடுக்கச் சொல்லும். மேல குடித்தனம் இருந்தா சத்தம், ஆயில் வாசனைன்னு சண்டை வரும். மெக்கானிக் கடைன்னு முதல்லயே சொல்லுங்க, அக்ரிமென்ட்லயும் அப்படியே எழுதுங்க. 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவும் செய்யணும். வேற மாதிரி பேசி ஒப்பந்தம் போடலைன்னா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னும் அதுல இருக்கு. நடைமுறையில 10 மாசம் கேட்பாங்க. சட்டம் தெரிஞ்சவரா உட்கார்ந்து பேசினா குறைக்க வாய்ப்பு இருக்கு.

வேலையை விடுறதுக்கு முன்னாடி

ரிசைன் பண்ணிட்டு இடம் தேடாதீங்க, இடம் உறுதியானதும் ரிசைன் பண்ணுங்க. கையில சம்பளம் வரும்போதுதான் "இந்த இடம் வேண்டாம்"னு தைரியமா சொல்ல முடியும். நாலு வாரம் ஒதுக்குங்க. இரண்டு வார நாள் காலையும், நாலு நைட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதே தெருவுல நடங்க. மழை பெஞ்ச அன்னைக்கு ஒரு தடவை கண்டிப்பா போங்க.

ஆறு மாச வீட்டுச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா தனியா வெச்சுடுங்க. அதை அட்வான்ஸா கொடுக்கிற நிலைமை வந்தா, அந்தக் கடை உங்க பட்ஜெட்டுக்கு மேல. உள்தெருவுல ஒரு கடை கிடைக்கும். ஆயிரம் வண்டி அந்தத் தெருவைச் சுத்தி நின்னா, போர்டு சின்னதா இருந்தாலும் கஸ்டமர் வந்துடுவாங்க.

நோட்டு, பேனா எடுத்துக்கோங்க. இன்னைக்கு நைட்டே ஒரு ரவுண்டு போய் எண்ண ஆரம்பிங்க, நண்பர்களே!