சுழலும் சுருளைக் குளிர்விப்பது எப்படி?

மதுரைப் பஞ்சாலைகளில் ஓடும் மோட்டார்களைப் பார்த்திருக்கிறீர்களா? அச்சின் நுனியில் ஒரு சிறு விசிறி இருக்கும். செம்புச் சுருளில் மின்னோட்டம் பாய்வதால் தோன்றும் வெப்பத்தை அது ஊதி வெளியேற்றுகிறது. மின்நிலையத்துப் பெரிய மின்னியற்றிகளுக்குக் காற்று போதாது. ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள்.

வெப்பமே தோன்றாத சுருள் இருந்தால்? நியோபியம்-டைட்டேனியக் கலப்பு உலோகத்தைச் சுமார் 9 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதன் மின்தடை மறைந்துவிடும். இத்தகைய பொருளே மீக்கடத்தி. ஐதராபாத்தில் பெல் நிறுவனம் 1990களில் 200 கே.வி.ஏ. மீக்கடத்தி மின்னியற்றி ஒன்றைச் செய்து சோதித்தது.

பெரிய மின்னியற்றியின் சுழலி நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியத்தை அதற்குள் எப்படி அனுப்புவது? அசையாத குழாய் ஒன்றை, சுழலும் அச்சின் நடுத்துளைக்குள் தொடாமல் நுழைத்துவிடுகிறார்கள். வாயு கசியாமல் தடுக்கும் அடைப்பு, குளிர் எட்டாத முனையில் இருக்கும். கடுங்குளிரில் ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்கிவிடுமல்லவா!

தூக்குச்சட்டியில் தண்ணீர் விட்டுத் தலைக்கு மேல் சுழற்றியிருப்பீர்கள். அதுபோலவே ஹீலியமும் வெளிச்சுவரில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். ஆவி அச்சருகே நிற்கும். அச்சிலிருந்து 10 சென்டிமீட்டரில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 1000 மடங்கு, கணக்கிட்டுப் பாருங்கள். சுருளருகே சூடேறிய ஹீலியம் அடர்த்தி குறைந்து அச்சை நோக்கி வரும். குளிர்ந்தது வெளியே பாயும். தனியே பம்பு வேண்டாம்.

வெளியிலிருந்து அச்சு வழியே ஊர்ந்து வரும் வெப்பம்தான் பெருந்தொல்லை. ஒரே ஒரு வாட் வெப்பம் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் திரவ ஹீலியத்தை ஆவியாக்கிவிடும். ஒரு கிராம் ஹீலியம் ஆவியாகும்போது ஏற்பது சுமார் 21 ஜூல்தான். ஆனால் அந்த ஆவி அறை வெப்பநிலைவரை சூடேறும்போது சுமார் 1500 ஜூலை ஏற்கும்! ஆகவே வெளியேறும் குளிர் ஆவியை, சுழலியைத் தாங்கும் மெல்லிய எஃகுக் குழல் நெடுகிலும் ஓடவிட்டு, வரும் வெப்பத்தை வழியிலேயே பறித்துக்கொள்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

இவ்வளவு கவனம் ஏன்? சுருளில் ஓரிடம் சற்றே சூடேறினாலும் அங்கே மின்தடை திரும்பிவிடும். அந்த வெப்பம் அடுத்த இடத்தையும் கெடுக்கும். ஹீலியம் குபீரென்று கொதிக்கும். உடனே மின்னோட்டத்தை வடிக்காவிட்டால் சுருள் கருகிவிடும்.

1986-இல் புதுவகைப் பீங்கான் மீக்கடத்திகள் கண்டறியப்பட்டபின் நிலைமை சற்று இளகியது. 2018-இல் டென்மார்க்கில் 3.6 மெகாவாட் காற்றாலை ஒன்றில் இவ்வகைச் சுருள்களைப் பொருத்தினார்கள். அவை திரவ ஹீலியத்தில் மூழ்கவில்லை. குளிர்விப்பான்களோடு உலோகம் வழியே இணைக்கப்பட்டு, சுமார் 30 கெல்வினில் வேலை செய்தன.