விளக்கொளியில் ஒரு முகம்

மைசூரு அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தசரா நாட்களிலும் மாலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மின்விளக்குகள் ஒளிரும். அதன் முன்னே குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்காதவர் இவ்வூரில் அரிது. மாற்றலாகி வந்த ஆண்டு நானும் எடுத்தேன். அரண்மனை பொன்னாய்ப் பதிந்திருந்தது. என் தாயாரின் முகமோ கரிநிழல்.

இது கருவியின் பழுதன்று. காமிராவின் ஒளிமானி, காட்சியின் மொத்த வெளிச்சத்தையும் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். பின்னணி பேரொளியாக இருப்பின் உள்ளே வரும் ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருளும். சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதைக் கணக்கெழுதும் நாம் அறியாததன்று. கைப்பேசித் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால், ஒளிமானி முகத்தையே அளவாகக் கொள்ளும். அரண்மனை சற்று வெளிறும், வெளிறட்டும். காமிராவாயின், மெதுவான ஷட்டருடன் ஃபிளாஷைச் சேர்க்கலாம். ஃபிளாஷ் எட்டுவது சில மீட்டரே ஆதலால் உறவினர் அருகில் நிற்க வேண்டும்.

மைசூருவில் பிறந்து, 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற டி. எஸ். சத்யன், எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் படமாக்கியே புகழ்பெற்றார். அதன் பொருள் எனக்குத் தாமதமாகவே விளங்கியது.

அடுத்த தசராவுக்குத் தாயார் இல்லை. இருண்ட படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். புள்ளிச் சிதறலே மிஞ்சியது. பதிவாகாத ஒளியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அன்று அரண்மனைக்குப் புறப்படுமுன், சன்னலருகே பூத்தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியை என் மகள் விளையாட்டாக எடுத்த படமே இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. பக்கவாட்டில் விழுந்த வெயிலில் முகச்சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது.