மீன் குழம்பு வேறு, மீன் எண்ணெய் மாத்திரை வேறு

பக்கவாதம் வந்துவிடுமோ என்ற பயத்தில் மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்குபவர்கள் பலர். வாங்கும்போது டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். முன்பக்கம் 1,000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். பரவலாக விற்கும் மாத்திரைகளின் அளவு இதுதான். நாம் தேடிப்போன ஒமேகா-3 கொழுப்பு இந்த இரண்டும் சேர்ந்த 300 மி.கி. மட்டுமே. மத்தி நன்றாகக் கொழுத்திருக்கும் பருவத்தில் 100 கிராம் சாப்பிட்டால் ஒரு கிராமுக்கு மேலேயே கிடைத்துவிடும். அயிலையும் இந்த வகையில் நல்ல மீன். விலை அதிகம் என்பதற்காக வஞ்சிரத்தைத்தான் தேடிப் போக வேண்டும் என்பதில்லை.

மீன் கொழுப்புக்கு இவ்வளவு பெயர் வந்தது கிரீன்லாந்திலிருந்து. 1970-களில் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டையர்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள இனூயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். சீல், திமிங்கிலம், மீன் என்று உண்டு வாழ்ந்த அவர்களுக்குக் காயம் பட்டால் இரத்தம் நிற்க அதிக நேரம் பிடித்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்றும் அதற்கு இதுவே காரணம் என்றும் உலகம் முடிவுகட்டியது. பிற்பாடு இறப்புப் பதிவுகளை அலசியவர்கள் கண்டதோ வேறு: அங்கே பக்கவாதச் சாவுகள் மேற்கத்திய நாடுகளைவிட அதிகம். கதையின் இந்தப் பாதி விளம்பரங்களில் வருவதே இல்லை.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. பெரும்பாலானவர்களுக்கு வருவது அடைப்பு வகை. மீன் உதவக்கூடும் என்று சொல்வதும் பெரும்பாலும் அதற்குத்தான். 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 15 நாடுகளில் சுமார் 8 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வாரம் ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ மீன் சாப்பிடுபவர்களைவிட, இரண்டு முதல் நான்கு தடவை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து 6 சதவீதம் குறைவு. ஐந்து தடவையோ அதற்கு மேலோ என்றால் 12 சதவீதம். சிறிய பலன்தான். மீன் சாப்பிடுபவர்களின் மற்றப் பழக்கங்களும் இதில் கலந்திருக்கலாம். அதே ஆய்வில் மாத்திரையால் பலன் தெரியவில்லை.

சமைக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. சுட்டும் வாட்டியும் மீன் சாப்பிட்டவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் குறைந்திருந்தது. வாரம் ஒரு தடவைக்கு மேல் பொரித்த மீன் சாப்பிட்டவர்களுக்கோ, அதை எப்போதாவது தொடுபவர்களைவிட ஆபத்து 44 சதவீதம் அதிகம். தாளிக்கும் எண்ணெயில் கொஞ்சம் கைநிதானம் இருந்தால், புளி கரைத்து வைக்கும் நம் மீன் குழம்பு நல்ல சமையல். கருவாட்டில்தான் கவனம் தேவை. அதில் ஏறியிருக்கும் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். பக்கவாதத்துக்கு முதல் காரணமே அந்த அழுத்தம்தான். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில் காரணங்களின் பட்டியலில் முதலிடம் அதற்கே.

மாத்திரையை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வுகளும் உண்டு. வைட்டல் ஆய்வில் 25,871 பேர், அசெண்ட் ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகள். தினம் ஒரு கிராம் மாத்திரை. இரண்டின் முடிவும் 2018-இல் வந்தது. இரண்டிலும் பக்கவாதம் குறையவில்லை. அதே ஆண்டு வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வு மட்டும் வேறு கதை சொன்னது. கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டேட்டின் சாப்பிட்டும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு இறங்காத, இதயநோய் ஆபத்துள்ளவர்களுக்குத் தினம் 4 கிராம் சுத்திகரித்த ஈ.பி.ஏ. கொடுத்ததில் பக்கவாதம் 28 சதவீதம் குறைந்தது. இது மருத்துவர் சீட்டில் வரும் மருந்து. மேலே சொன்ன கடை மாத்திரையில் அந்த அளவு ஈ.பி.ஏ.வை எட்ட இருபதுக்கும் மேல் விழுங்க வேண்டும்! ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அந்தக் குழுவுக்குக் கெடுதல் செய்து, மருந்தின் பலனைப் பெரிதாகக் காட்டியதோ என்ற விவாதமும் தீரவில்லை. 2020-இல் சோள எண்ணெயோடு ஒப்பிட்ட ஸ்ட்ரெங்த் ஆய்வில், ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்த வேறொரு மருந்தை 4 கிராம் கொடுத்தும் பலன் கிடைக்கவில்லை.

எனக்குக் கவலை தருவது இன்னொரு விஷயம். இவ்வளவு அதிக அளவில் கொடுத்த இரண்டு ஆய்வுகளிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடியது. இதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும். உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2024-இல் வந்தது. இதயநோய் இல்லாமல் வழக்கமாக மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கோளாறு 13 சதவீதமும், பக்கவாதம் 5 சதவீதமும் அதிகம். மாத்திரைதான் காரணம் என்று இந்தக் கணக்கை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘பலன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை’ என்று அலட்சியமாக விழுங்கும் பொருளல்ல இது.

ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பதால் மருத்துவர் ஒமேகா-3 மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சு படபடப்பு வந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கடையில் வாங்கிய மீன் மாத்திரையையும் மருந்துச் சீட்டோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மற்றவர்கள் அந்தக் காசுக்கு வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ வாங்கலாம்.