பூட்டியிருந்த கதவு

அமெரிக்க மண்ணில் – 17

எல்லிஸ் தீவில் கண் பரிசோதனை முடிந்து, பெயர் பதிந்து, படகேறி மன்ஹாட்டனில் இறங்கியவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். யூதர்களிலும் இத்தாலியர்களிலும் பெரும் பகுதியினர் அதிக தூரம் போகவில்லை. லோயர் ஈஸ்ட் சைடின் காற்றோட்டமில்லாத அடுக்கு வீடுகளில் குடியேறினார்கள். பல வீடுகளில் முதலில் வேலைக்குப் போனவள் பதினாறு, பதினேழு வயது மகள். அவளுக்குக் கிடைத்த வேலை தையல்.

அவள் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், வாஷிங்டன் சதுக்கத்துக்குக் கிழக்கே, கிரீன் தெருவும் வாஷிங்டன் பிளேசும் சந்திக்கும் முனையில் ஒரு பத்து மாடிக் கட்டடம் இருக்கிறது. இன்று அது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டடம். உள்ளே அறிவியல் ஆய்வுக்கூடங்கள். 1911இல் அதன் பெயர் ஆஷ் கட்டடம். மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் கம்பெனி இருந்தது. ஷர்ட்வெய்ஸ்ட் என்பது ஆண்களின் சட்டையைப் போல முன்பக்கம் பொத்தான் வைத்த பெண்களின் மேற்சட்டை. ஆபீசுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நகரத்துப் பெண்கள் விரும்பி வாங்கினார்கள். அதைத் தைத்தே பணக்காரர்களான மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரையும் ஷர்ட்வெய்ஸ்ட் மன்னர்கள் என்றே ஊர் அழைத்தது. அவர்களும் புலம்பெயர்ந்து வந்த யூதர்கள்தான்.

எட்டாவது மாடியில் துணி வெட்டினார்கள். ஒன்பதாவது மாடியில் சுமார் 240 தையல் மெஷின்கள் நீண்ட மேசைகளில் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. பத்தாவது மாடியில் இஸ்திரி, பேக்கிங், முதலாளிகளின் அறை. மொத்தம் ஐந்நூறு பேர் வரை வேலை செய்தார்கள். வேலை முடிந்தால் எல்லோரும் கிரீன் தெருப் பக்கத்து வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். ஒவ்வொருத்தியும் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக முடியும். துணியையோ லேஸையோ யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதாம். மறுபக்கம், வாஷிங்டன் பிளேஸ் மாடிப்படிக்கான கதவு இதற்காகவே பூட்டி வைக்கப்பட்டது.

அந்தப் பெண்கள் எதையும் கேட்காமல் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல. 1909 நவம்பர் 22 அன்று, இந்தக் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கூப்பர் யூனியன் அரங்கில் தையல் தொழிலாளர்கள் திரண்டார்கள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக மணிக்கணக்கில் நிதானம் போதித்துக்கொண்டிருந்தார்கள். கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் மேடையேறி, பேச்சு போதும், பொது வேலைநிறுத்தத்தைத் தொடங்குவோம் என்று இத்திஷ் மொழியில் சொன்னார். இருபதாயிரம் பேருக்கு மேல் மெஷினை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். கூலிக்கு அமர்த்தப்பட்ட அடியாட்களும் போலீசாரும் அவர்களை அடித்தார்கள். குளிர்காலம் முழுக்கப் போராட்டம் நடந்து, பல கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் முதலாளிகள் கடைசி வரை சங்கத்தை ஏற்கவே இல்லை. அந்தப் பெண்கள் 1910இல் சங்கம் இல்லாமலே பழைய மெஷின்களுக்குத் திரும்பினார்கள்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மாலை 4.40 மணி. சம்பள நாள். எட்டாவது மாடியில் கட்டிங் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில் தீப்பிடித்தது. வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணி அதில் வாரக்கணக்கில் சேர்ந்து கிடந்தது. பஞ்சு போல மெல்லிய பருத்தித் துணி, மேலே கம்பியில் தொங்கிய காகித அச்சுகள். வாளித் தண்ணீருக்கு அது அடங்கவில்லை. மாடிப்படியில் இருந்த தீயணைப்புக் குழாயைத் திறந்தார்கள்; தண்ணீர் வரவில்லை.

எட்டாவது மாடிக்காரர்களில் பெரும்பாலோர் இறங்கித் தப்பினார்கள். அங்கிருந்து பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் செய்தி போனது. முதலாளிகளும், அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த பிளாங்க்கின் மகள்களும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வகுப்பில் இருந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் ஏணி இறக்கித் தூக்கிவிட, பத்தாவது மாடியில் ஒருவரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மாடிக்கான அழைப்பு பத்தாவது மாடியின் இணைப்புப் பலகை வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கிருந்த ஆபரேட்டரும் உயிர் தப்ப ஓடியிருந்தார். ஒன்பதாவது மாடிப் பெண்களுக்குச் செய்தி சொன்னது ஜன்னல் வழியே ஏறி வந்த நெருப்புதான்.

கிரீன் தெருப் பக்கத்து மாடிப்படியைத் தீ சீக்கிரமே மறித்தது. எதிர்ப்பக்கக் கதவுக்கு ஓடியவர்கள் பூட்டைக் கண்டார்கள். பின்பக்கம் ஒரு இரும்புப் படி இருந்தது. கட்டும்போதே இந்த அளவு கட்டடத்துக்கு மூன்றாவது மாடிப்படி வேண்டும் என்ற பேச்சு எழுந்து, அந்த இரும்புப் படியே மூன்றாவதாகக் கணக்குக் காட்டப்பட்டது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் ஏறியதும் அது சுவரை விட்டுப் பிய்ந்து, அவர்களோடு கீழே விழுந்தது. லிஃப்ட் ஓட்டிகளான ஜோசப் ஸிட்டோவும் கேஸ்பர் மார்ட்டிலலோவும் புகைக்குள் மீண்டும் மீண்டும் மேலே போய், கொள்ளும் மட்டும் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். கடைசியில், லிஃப்ட் வராத குழிக்குள்ளேயே பெண்கள் குதிக்கத் தொடங்கினார்கள். மேலே விழுந்த உடல்களின் பாரத்தில் லிஃப்ட் நகரவில்லை. அன்று பிழைத்தவர்களில் பலர் இந்த இருவரால் பிழைத்தவர்கள். இவர்கள் பெயரை நியூயார்க்கில் ஒரு தெருவுக்காவது வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்துவிட்டன. ஆனால் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. கீழே விரித்துப் பிடித்த வலைகளைக் கிழித்துக்கொண்டு பெண்கள் தரையில் விழுந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் நெருப்பு அடங்கிவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். ஆகக் குறைந்த வயது 14. ஆஷ் கட்டடத்தைத் தீப்பிடிக்காத கட்டடம் என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வார்த்தை பொய்யாகவில்லை. கட்டடம் விழவில்லை, இன்றும் அதே கட்டடம்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லர் கருவிகள் அன்றே சந்தையில் இருந்தன. சட்டம் கேட்காததால் ஒன்றுகூடப் பொருத்தப்படவில்லை.

26ஆம் தெருவின் முனையில், ஆற்றோரக் கப்பல் துறைக் கொட்டகையில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். மோதிரத்தைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, காலுறையின் கிழிசலில் போட்ட தையலைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். ஏப்ரல் 5 அன்று கொட்டும் மழையில் லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். யாரென்று தெரியாத ஆறு பேரின் பெயர்கள் நூறாண்டு கழித்து, 2011இல்தான் ஒரு ஆய்வாளரின் உழைப்பால் தெரியவந்தன.

வழக்கு டிசம்பரில் நடந்தது. முதலாளிகள் மீது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றச்சாட்டு. அவர்களுக்காக வாதாடிய மேக்ஸ் ஸ்டியூயர் நியூயார்க்கின் பெயர்பெற்ற வக்கீல். உயிர் பிழைத்த கேட் ஆல்ட்டர்மேன் என்ற பெண்ணிடம், அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொன்னாள். மனப்பாடம் செய்யவைத்து அழைத்து வந்திருக்கிறார்கள் என்று ஜூரிகளை நினைக்கவைத்தார். ஆங்கிலம் அவள் பிறகு கற்ற மொழி. தோழி எரிவதைப் பார்த்தவளுக்கு அதைச் சொல்ல அந்த மொழியில் அவ்வளவு வார்த்தைகள்தான் இருந்திருக்கும். சாட்சிக் கூண்டில் ஏறிய ஹாரிஸிடம், இதுவரை தொழிலாளர்கள் திருடியதாகக் கண்டுபிடித்த சரக்கின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். 25 டாலருக்கு மேல் இருக்காது என்றார்.

கதவு பூட்டியிருந்தது மட்டும் போதாது, அந்த நேரத்தில் பூட்டியிருந்தது என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது சந்தேகமற நிரூபணமாக வேண்டும் என்று நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்னார். டிசம்பர் 27 அன்று, இரண்டு மணி நேரத்துக்குள் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. காப்பீட்டுப் பணம் முதலாளிகளுக்குக் கிடைத்தது. 1914இல் சிவில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தபோது ஓர் உயிருக்கு 75 டாலர் கொடுத்தார்கள்.

வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலச் சட்டம் விபத்துக்கு முன்பே சொல்லியிருந்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருந்தது. கூடவே, ‘நடைமுறையில் இயன்ற இடத்தில்’ என்ற ஒரு விலக்கும் இருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியதைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்ப்பதற்குப் போதிய ஆட்கள் இல்லை. டிரையாங்கிள் தீயை சட்டம் இல்லாத காலத்துக் கொடுமை என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டம் இருந்தும் யாரும் வந்து கதவைத் தள்ளிப் பார்க்காத காலத்துக் கொடுமை அது.

அந்தச் சனிக்கிழமை மாலை, சதுக்கத்தின் வடக்கே ஒரு தோழியின் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஒரு பெண், தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டு ஓடி வந்தார். ஜன்னல் விளிம்பில் நின்றவர்கள் குதித்ததைக் கண்ணால் பார்த்தார். பெயர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், வயது 30. தொழிற்சாலைகளின் நிலையை ஆராய்வதே அவர் வேலை. அந்த ஆண்டு ஜூனில் மாநிலச் சட்டமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற பழைய கட்சி இயந்திரத்தின் ஆட்கள்; இவர்களிடம் சீர்திருத்தத்தை எதிர்பார்த்தவர்கள் குறைவு. பெர்கின்ஸ் அவர்களைத் தொழிற்சாலைகளுக்கே அழைத்துப் போனார். அவசர வழி என்று எழுதியிருந்த ஒரு சிறு துவாரத்தின் வழியே வாக்னரைத் தவழ்ந்து வெளியேற வைத்தார். துவாரத்துக்கு வெளியே இருந்த பனி உறைந்த ஏணி தரையைத் தொடாமல் பன்னிரண்டு அடிக்கு மேலேயே முடிந்திருந்தது. இரவு முழுக்கக் கயிறு திரித்துவிட்டு விடிகாலையில் வெளியே வரும் பெண்களை ஆல் ஸ்மித் நேரில் பார்த்தார்.

நான்கு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீ ஒத்திகை, உயரமான தொழிற்சாலைகளில் ஸ்பிரிங்க்லர், பெண்களுக்கு வாரம் 54 மணி நேர உச்சவரம்பு. என் கணக்கில் இவற்றைவிடப் பெரிய மாற்றம், தொழிலாளர் துறையை மாற்றியமைத்து ஆய்வாளர்களைப் பெருக்கியதுதான். 1913இல் பிளாங்க் தன் புதிய தொழிற்சாலையிலும் வேலை நேரத்தில் கதவைச் சங்கிலியிட்டுப் பூட்டி வைத்திருந்தார். அபராதம் வெறும் 20 டாலர். 146 சாவுக்குப் பிறகும் அதே மனிதர், அதே பழக்கம், இருபது டாலர் என்பதைப் படிக்கும்போது ரத்தம் கொதிக்கிறது. ஆனால் இந்த முறை அந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதை ஓர் ஆய்வாளர் நெருப்புக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்.

கட்டடத்தின் முகப்பில் 2023 அக்டோபரில் உருக்கு நாடாவால் ஆன நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயரும் வயதும் உருக்கில் வெட்டப்பட்டுள்ளன. நியூயார்க் போகிறவர்கள் வாஷிங்டன் சதுக்கத்தின் வளைவோடு திரும்பிவிடாமல் ஒரு தெரு கிழக்கே நடந்து இதையும் பார்க்க வேண்டும்.

பெர்கின்ஸ் 1933இல் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறைச் செயலரானார். அமெரிக்க அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும், குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேர வரம்பையும் நாடு முழுக்கக் கொண்டுவந்த 1938இன் சட்டத்திலும் அவர் பங்கு பெரியது. அந்தச் சட்டங்களைக் காங்கிரஸில் நிறைவேற்ற ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வயலில் வேலை செய்பவர்களும் வீட்டு வேலைக்காரர்களும் இரண்டிலும் சேர்க்கப்படவில்லை. தெற்கில் அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். கலிபோர்னியாவின் தோட்டங்களில் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்களும். 1965 செப்டம்பரில் டெலானோ என்ற சிற்றூரில் திராட்சை பறிக்க மறுத்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். அடுத்த வாரம் அங்கே போவோம்.