கிரைண்டரில் உப்புத்தாள் பட்டை: கணக்குப் பார்த்து மாட்டுங்கள்

பட்டறைத் தொழில் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர், கேட் கம்பி இடுக்குகளில் வெல்டிங் பிசிறைத் தேய்க்க, ஆங்கிள் கிரைண்டரிலேயே ஒடுக்கமான உப்புத்தாள் பட்டையை ஓட்டும் கருவியைச் செய்துகொள்கிறார்கள். செலவு குறைவுதான், கணக்குத் தவறினால் ஆபத்து.

நான்கு அங்குல கிரைண்டர் பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுழலும். அதில் 30 மி.மீ. உருளை மாட்டினால் பட்டை விநாடிக்கு 17 மீட்டர் ஓடும், 60 மி.மீ. என்றால் இருமடங்கு. ஆகவே சிறிய உருளை போதும். மரம் வேண்டாம், லேத்தில் கடைந்த அலுமினியம் நல்லது. உருளையின் நடு சற்றே மேடாக இருந்தால் பட்டை விலகாது. முன்முனைக்குப் பேரிங் உருளை, பட்டையை விறைப்பாக வைக்க ஸ்பிரிங். பட்டையின் உட்புற அம்புக்குறித் திசையிலேயே மாட்டுங்கள்.

காப்பு மூடியும் கண்ணாடியும் இல்லாமல் ஓட்ட விடாதீர்கள், பெற்றோர்களே. மிச்சமாகும் பணத்தைவிடப் பிள்ளையின் கண் பெரிது.