டிராக்டர் டயரில் காற்றின் அளவு

மாடு பூட்டி வண்டி ஓட்டிய காலத்தில், லாடம் தேய்ந்துள்ளதா, அச்சுக்கு மசகு இட்டாயிற்றா என்று பாராமல் எந்தக் குடியானவரும் பாரம் ஏற்றிச் சாலைக்குப் புறப்பட்டதில்லை. இன்று வண்டியின் இடத்தை டிராக்டரும் டிரெய்லரும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆனால், அந்தப் பழைய கவனம் டயருக்குக் கிடைக்கின்றதா? காலால் உதைத்துப் பார்த்து, "காற்று இருக்கிறது" என்று சொல்லிப் புறப்படுவதே பல இடங்களில் வழக்கம். எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை உதையால் அறிய முடியாது.

காற்றடைத்த டயரை 1888-ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த டன்லப் என்பவர் ஒரு கால்நடை மருத்துவர். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான பாதையில் அதிராமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அவர் அதனைச் செய்தார். டிராக்டர்களோ அதன் பின்னரும் நெடுங்காலம் முட்கள் பொருத்திய இரும்புச் சக்கரங்களிலேயே ஓடின. 1932-இல் அமெரிக்க நாட்டின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்று டயர் பூட்டிய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே, வயலிலும் சாலையிலும் ஒரே யந்திரம் உழைக்க வழி பிறந்தது.

சுமையைத் தாங்குவது காற்றே

சுமையைத் தாங்குவது ரப்பர் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ரப்பரும் அதனுள் உள்ள நூலடுக்குகளும் காற்றை அடைத்து வைக்கும் பையே ஆகும். பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றாகும். இதனைச் சிறு கணக்கால் அறியலாம். சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு அழுத்தம் என்பது ஏறக்குறையச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ ஆகும். ஒரு சக்கரத்தின் மேல் 1,000 கிலோ பாரம் இருந்து, டயரில் 14 பவுண்டு காற்றும் இருந்தால், அந்த டயர் ஏறக்குறைய 1,000 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் பதிந்து நிற்கும். காற்றை 28 பவுண்டாக உயர்த்தினால், பதியும் இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

இக்கணக்கிலிருந்து விளங்குவது யாதெனில், எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே அளவு என ஒன்று இல்லை. ஏற்றும் பாரம், ஓடும் வேகம், ஓடும் தரை ஆகிய மூன்றையும் ஒட்டியே காற்றின் அளவு அமைய வேண்டும்.

வயலுக்கு ஓர் அளவு, சாலைக்கு ஓர் அளவு

உழவின்போது டயர் அகலமாகப் பதிய வேண்டும். அப்போதுதான் மண்ணை நன்கு பற்றி இழுக்கும். சக்கரம் வழுக்கிச் சுழன்று டீசல் வீணாவதும் குறையும். மேலும், டயரில் உள்ள அழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மேல்மண்ணிலும் விழுகின்றது. அளவுக்கு மிஞ்சிக் காற்றடித்த டயர் ஈர நிலத்தை இறுக்கிவிடும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது. பயிரின் வேரும் எளிதில் ஓடாது.

சாலையில் நிலைமை வேறு. அங்கு வேகமும் பாரமும் மிகுதி. காற்றுக் குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி நிமிர்வதால் சூடேறுகின்றது. அச்சூட்டினால் உள்ளிருக்கும் நூலடுக்குகள் விட்டுப்போய், ஒரு நாள் பாரத்தோடு ஓடும்போது டயர் வெடிக்கின்றது. காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவி, ட்யூபின் வால்வு பிய்ந்து போவதும் உண்டு.

பொதுவாக வயல் வேலைக்குப் பெரிய பின் டயரில் 12 முதல் 16 பவுண்டு வரையிலும், சிறிய முன் டயரில் 24 முதல் 32 பவுண்டு வரையிலும் காற்று வைக்கப்படுகின்றது. இவை வழிகாட்டும் அளவுகளே. டயரின் அளவு, அடுக்கு, பாரம் ஆகியவற்றுக்கேற்பக் கைப்புத்தகத்திலும் டயர் தயாரிப்பாளரின் அட்டவணையிலும் குறித்துள்ள அளவே முடிவானது. டிரெய்லர் டயருக்கு இவற்றினும் மிகுதியான அழுத்தம் வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பார அளவினை எக்காரணத்தாலும் மீறலாகாது.

தண்ணீர் வண்டியின் கணக்கு

பல பஞ்சாயத்துகளில் கோடைக்காலத்தில் டிராக்டரில் தொட்டி பூட்டிக் குடிநீர் வழங்குகின்றனர். 5,000 லிட்டர் தண்ணீரின் எடை 5,000 கிலோ. தொட்டியும் சட்டமும் 1,500 கிலோ என்று கொண்டால், மொத்தம் 6,500 கிலோ. நான்கு சக்கர வண்டியில் பாரம் சமமாகப் பரவினால் சக்கரத்துக்கு 1,625 கிலோ விழும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே அட்டவணையைப் பார்த்துக் காற்றின் அளவை முடிவு செய்ய வேண்டும். நெல், கரும்பு, செங்கல் முதலியவற்றை ஏற்றுவோர், எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஒரு முறை நிறுத்துப் பார்ப்பது நலம். ஊகித்த பாரத்துக்கும் உண்மையான பாரத்துக்கும் உள்ள வேறுபாடு பலருக்கும் வியப்பளிக்கும்.

பார்க்கும் முறை

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 30 பவுண்டு உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு ஏறினால், அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு உயரும். ஓடி வந்து சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுதல் தவறு. டயர் குளிர்ந்ததும் அது அளவுக்குக் குறைந்துபோகும்.

ஒரே அச்சில் உள்ள இரு டயர்களிலும் காற்று சமமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு டயர் மட்டும் அடிக்கடி குறைந்தால், வால்வில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகின்றதா என்று பார்க்கலாம். வால்வு மூடி சிறு பொருளாயினும் மண்ணையும் சேற்றையும் தடுப்பது அதுவே. பின் டயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால், வால்வை மேற்புறம் நிறுத்தி, அதற்கென உள்ள அளவுகோலால் அளக்க வேண்டும்.

தேய்மானமும் உண்மையைச் சொல்லும். சாலையில் ஓடும் டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. காற்றடிக்கும்போது டயருக்கு நேரெதிரே நிற்காமல் விலகி நிற்க வேண்டும். இப்போது வால்விலேயே பொருத்தி, அழுத்தத்தை ஓட்டுநர் முன் காட்டும் மின்னணுக் கருவிகளும் கிடைக்கின்றன. எனினும், சாதாரண அளவுகோலும் தவறாத வழக்கமுமே போதுமானவை.

பஞ்சாயத்தின் பொறுப்பு

பஞ்சாயத்து வண்டியின் டயர் ஊர்ப் பணத்தில் வாங்கியது. அது பாதி வழியில் வெடித்தால் அன்று ஒரு தெருவுக்குத் தண்ணீர் இல்லை. ஓட்டுநரின் உயிருக்கும் எதிரே வருவோரின் உயிருக்கும் ஆபத்து. ஆகவே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் நல்ல அளவுகோல் ஒன்று வாங்கி, ஒவ்வொரு டயருக்கும் உரிய அளவை வண்டியிலேயே வண்ணத்தால் எழுதி வைக்கலாம். வாரம் ஒரு முறை அளந்த எண்ணைத் தேதியுடன் பதிவேட்டில் குறித்து, ஓட்டுநரும் உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிடலாம். சில வாரங்களில் எந்த டயர் காற்றை இழக்கின்றது என்பது அந்த ஏட்டிலிருந்தே தெரிந்துவிடும். அளவுகோலின் விலை ஒரு டயரின் விலையில் மிகச் சிறு பங்கே. அதனை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தலே முதற் காரியமாகும்.